டாக்டர் என்று சொல்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார். சில மாதங்களுக்கு முன்பு உறவினர் ஒருவர் அவரை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவை நடத்துபவர் தன்னை டாக்டர் என்கிறார். பெயருக்குப் பின்னால் எம்.டி., ஏ.எம்., லண்டன் ஃபெல்லோ, தங்கப் பதக்கம் என்றெல்லாம் போட்டிருக்கிறார். ஆயிரம் பேர் இருக்கும் அந்தக் குழுவில் தினமும் காலையில் 'சர்க்கரையிலிருந்து நிரந்தர விடுதலை' என்று போடுகிறார். சர்க்கரை இறங்கிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்களும் தினமும் வருகின்றன. 48 நாளைக்கான பொடி 7,200 ரூபாய், ஜிபேயில் அனுப்பினோம். மாத்திரையை விட்டால்தான் பொடி வேலை செய்யும் என்று அவர் சொன்னதால், பத்து நாளாக அம்மா எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இன்று காலை வெறும் வயிற்றில் 268. நான் பதிவு எண் கேட்டதற்கு ஒரு சான்றிதழ் படத்தை அனுப்பி, "சந்தேகத்தோடு சாப்பிட்டால் மருந்து பிடிக்காது" என்று எழுதினார். அம்மாவோ, "இவ்வளவு விவரமாகப் பேசுகிறவர் டாக்டராக இல்லாமல் இருப்பாரா?" என்கிறார். அவர் உண்மையிலேயே டாக்டர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் டாக்டரா இல்லையா என்பது நாளைக்குத் தெரிந்தால் போதும். அம்மாவின் 268-க்கு இன்றே வழி செய்யவேண்டும். பொடியை இன்றே நிறுத்துங்கள். அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையோ அவருடைய கிளினிக்கையோ போனில் பிடித்து, "பத்து நாளாக மாத்திரை இல்லை, வெறும் வயிற்றில் 268, நடுவில் ஒரு பொடி சாப்பிட்டிருக்கிறார்" என்று மூன்று விஷயத்தையும் சொல்லிவிட்டு, பழைய சீட்டின்படி மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். பொடி சாப்பிட்டதை மறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற ஆங்கில மாத்திரைகளையே அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளின் ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. உங்கள் பொடியில் அப்படி ஏதாவது இருந்து, அதன் மேல் கிளிமிபிரைடும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்கிறேன்.

வாந்தி, மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கக் கலக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும், சர்க்கரை 300-ஐத் தாண்டி அங்கேயே நின்றாலும் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த நிலையில் வீட்டிலேயே மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்ப்பதும் தவறு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "அவர் போலி என்று நிரூபித்தால்தான் பொடியை நிறுத்த முடியும்" என்ற இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அது தலைகீழ். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு இன்னொருவருடைய மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்தான் தன்னை நிரூபிக்கவேண்டும். அதுவரை அவர் சொல்வது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் சொன்னதற்குச் சமம். பஸ்ஸில் யாரோ சொன்னார் என்று அம்மா மாத்திரையை விட்டிருப்பாரா?

விவரமாகப் பேசுவதற்கும் டாக்டர் பட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், பீட்டா செல், பான்கிரியாஸ் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தரும். அதேபோல, கடினமான மருத்துவக் கேள்வி ஒன்றைக் கேட்டு ஆளை மடக்கிவிடலாம் என்றும் முயலாதீர்கள். பதிலைச் சரிபார்க்க உங்களுக்கே ஒரு டாக்டர் தேவைப்படும். பேச்சை வைத்து எடை போடும் எந்த முறையும் பேச்சில் கெட்டிக்காரருக்கே சாதகமாக முடியும். பேச்சைப் பார்க்காமல் பதிவேட்டைப் பாருங்கள்.

இந்தியாவில் ஆங்கில மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அகில இந்திய அளவில், 2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் பதிவேட்டை வைத்திருக்கிறது. சீட்டிலும், கொடுக்கும் சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண் இருக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், வாட்ஸ்அப், மின்னஞ்சல் போன்ற மின்னணுத் தொடர்பிலும் எண்ணைக் காட்டவேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் எண் கேட்டது மரியாதைக்குறைவு இல்லை. டெலிகிராமில் மருத்துவம் பார்க்கும் ஒருவர் நீங்கள் கேட்காமலேயே தந்திருக்கவேண்டிய விவரம் அது.

இப்படி எழுதிக் கேளுங்கள்: "ஐயா, அம்மாவின் சிகிச்சை விவரத்தைக் குறித்துவைக்க உங்கள் முழுப் பெயர், பதிவு எண், எந்த மாநில கவுன்சில், எந்த ஆண்டு பதிவு என்று அனுப்புங்கள்." நான்கும் வேண்டும். குறிப்பாக, கவுன்சிலின் பெயர் இல்லாத எண்ணால் பயனில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுப்பதால், தமிழ்நாட்டில் ஒருவருக்கு இருக்கும் அதே எண் கர்நாடகத்தில் வேறு ஒருவருக்கு இருக்கும். சரியான டாக்டருக்கு இந்த எண் மனப்பாடம். அவருடைய ரப்பர் ஸ்டாம்பிலேயே இருக்கும். அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது.

எண் வந்ததும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் 'இந்தியன் மெடிக்கல் ரெஜிஸ்டர்' என்ற பகுதிக்குப் போங்கள். கட்டணம் இல்லை. எண்ணையும் மாநில கவுன்சிலையும் கொடுத்துத் தேடினால் பெயரும் தகப்பனார் பெயரும் வரும். அந்த வரியைத் திறந்தால் பட்டம், பல்கலைக்கழகம், பட்டம் பெற்ற ஆண்டு, பதிவு செய்த தேதி எல்லாம் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பெயர் வந்துவிட்டது, போதும் என்று மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். 25 வருட அனுபவம் என்கிறவர் 2016-இல் எம்.பி.பி.எஸ். முடித்ததாகப் பதிவேடு சொன்னால் அங்கேயே கணக்கு உதைக்கிறது. புகைப்படத்தில் இருப்பவருக்கு நாற்பது வயது, பதிவான ஆண்டு 1978 என்றால் எண் வேறு யாருடையதோ.

தேடிப் பெயர் வரவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் நம் பெயர்களுக்குப் பெரிய தொல்லை. லட்சுமி, செந்தில், தங்கவேல் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், தகப்பனார் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். பெண் டாக்டர்கள் பலர் கல்லூரிக் காலப் பெயரில் பதிவாகி, இப்போது கணவர் பெயரோடு பலகை வைத்திருப்பார்கள். சமீபத்தில் படித்து முடித்தவர்கள் அகில இந்தியப் பட்டியலில் ஏறத் தாமதம் ஆவதும் உண்டு. அதனால் பெயரை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் மாநில கவுன்சிலின் தளத்தில் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் கவுன்சில் அலுவலகத்துக்கு எண்ணோடு எழுதிக் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் ஆதாரோடு இணைத்த புதிய தேசியப் பதிவேடு ஒன்றும் தொடங்கியது. அதில் எல்லா டாக்டரும் இன்னும் சேர்ந்து முடிக்கவில்லை. அதில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்து, ஆள் எம்.டி. என்று போட்டிருந்தால்? மேற்படிப்பைத் தனியாக விண்ணப்பித்துப் பதிவு செய்யவேண்டும். சிலர் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று கேட்டால் உண்மையானவர் சொல்லிவிடுவார்.

எண் உண்மையானது என்பதும், எண்ணைச் சொன்னவர் அந்த எண்ணுக்கு உரியவர் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். பதிவேடு எல்லோருக்கும் திறந்திருப்பதால் இன்னொருவருடைய எண்ணை எடுத்துத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வது மோசடிக்காரருக்கு மிகச் சுலபம். இதைப் பிடிக்க வேறொரு வழியாக உறுதி செய்யவேண்டும். எந்த மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறாரோ, அந்த மருத்துவமனையின் வரவேற்பு எண்ணை அவர்களுடைய சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். அவர் தந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். கூப்பிட்டு, "இந்தப் பெயரில் டாக்டர் இருக்கிறாரா? எந்தக் கிழமை ஓ.பி.? டெலிகிராமில் குழு நடத்துகிறாரா?" என்று கேளுங்கள். குழுவில் இருக்கும் புகைப்படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே முகம் வேறு பெயரில், வேறு நாட்டு மருத்துவமனைப் பக்கத்தில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

வீடியோவில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது என்பதும் இப்போது சான்று ஆகாது. இதய அறுவை சிகிச்சை நிபுணர் தேவி ஷெட்டியின் பெயரையும் உருவத்தையும் வைத்துப் போலி வீடியோக்கள் பரவி, 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போடும் அளவுக்கு விஷயம் போனது. எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கும் நீல டிக் மாதக் கட்டணத்துக்குக் கிடைப்பது. அதற்கு யாரும் எம்.பி.பி.எஸ். சான்றிதழைக் கேட்பதில்லை.

இன்னொரு எளிய சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. 7,200 ரூபாயை ஜிபேயில்தானே அனுப்பினீர்கள்? அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். நீங்கள் போனில் சேமித்த பெயர் இல்லாமல், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் தனியாகத் தெரியும். அங்கே டாக்டரின் பெயர் இருக்கிறதா, வேறு யாரோ ஒருவர் பெயரோ 'டிரேடர்ஸ்', 'என்டர்பிரைசஸ்' என்றோ இருக்கிறதா? பெயர் வேறாக இருப்பது மட்டுமே மோசடிக்குச் சான்று ஆகிவிடாது. ஆனால் ரசீது கேட்டு, அதில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் வரவில்லை என்றால் நீங்கள் மருத்துவ ஆலோசனைக்குப் பணம் கட்டவில்லை, பொடி வாங்கியிருக்கிறீர்கள்.

அவர் அனுப்பிய சான்றிதழ் படத்துக்கு வருகிறேன். இந்த வரிசையிலேயே மிகவும் பலவீனமான சான்று அதுதான். பல்கலைக்கழக முத்திரையை ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. இருந்தாலும் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். கொடுத்தது பல்கலைக்கழகமா, அல்லது 'கவுன்சில்', 'அகாடமி', 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் ஒரு அறக்கட்டளையா? 'இந்திய அரசால் பதிவு செய்யப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் அது அறக்கட்டளை பதிவு எண், இல்லையென்றால் சிறுதொழில் பதிவு எண், இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. எண். மளிகைக்கடைக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். அரசு அந்த அமைப்பைப் பதிவு செய்திருக்கிறது என்பதற்கும், அது கொடுக்கும் பட்டத்தை அங்கீகரித்திருக்கிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல்கலைக்கழகம் என்றே பெயர் இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் ஒருமுறை தேடுங்கள். கௌரவ டாக்டர் பட்டம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மண்டபம் பிடித்து, ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததை ஊரே பார்த்தது.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அம்மாவைப் போன்றவர்கள் மயங்குவது இங்கேதான். ஆங்கில மருத்துவத்தில் அடிப்படைப் பட்டம் எம்.பி.பி.எஸ். அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. அதற்கும் மேல் டி.எம்., எம்.சிஎச். சர்க்கரைக்கு என்று தனியாகச் சில மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அதைப் படித்துச் சர்க்கரை நோயாளிகளைப் பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். இல்லாமல் அந்தச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. ஏ.எம். என்பது 'ஆல்டர்நேட்டிவ் மெடிசின்' என்பதன் சுருக்கம். எம்.டி. என்று போட்டு அதை ஓரத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தபால் வழியிலும் ஆன்லைனிலும் கொடுக்கப்படும் இந்த எம்.டி.யை எந்த மருத்துவ கவுன்சிலும் பதிவு செய்வதில்லை. உங்கள் குழுக்காரர் தன் பெயருக்குப் பின்னால் தானே எழுதிவைத்திருப்பதே போதும், அவரை ஆங்கில மருத்துவப் பதிவேட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கமாட்டார்.

ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா போன்ற நாடுகளில் முதல் பட்டத்துக்கே எம்.டி. என்று பெயர். அது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரானது, மேற்படிப்பு இல்லை. அங்கே படித்தவர்கள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேறினால்தான் பதிவு கிடைக்கும். தேறிப் பதிவும் பெற்றவர் முழு டாக்டர், சந்தேகமே வேண்டாம். தேறாதவருக்கு இங்கே சீட்டு எழுத உரிமை இல்லை. லண்டன் ஃபெல்லோ என்பதைப் பொறுத்தவரை, பரீட்சை எழுதி வாங்கும் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். போன்றவை வேறு, சந்தா கட்டிச் சேரும் சங்கங்கள் தரும் ஃபெல்லோ பட்டம் வேறு. இரண்டாவது வகையில் லண்டன் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிஎச்.டி. முடித்தவரும், ஆறு வருடம் ஃபார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பைப் படித்தவரும் நியாயமாகவே டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஃபார்ம்.டி. படித்தவருக்கு மருந்துகளைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் நோயைக் கண்டறிந்து மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ அந்தப் பட்டம் அதிகாரம் தராது.

ஒருவேளை அவர், "நான் சித்த மருத்துவர், அலோபதி பதிவேட்டில் என்னைத் தேடாதே" என்று சொல்லலாம். சரியான பேச்சுதான். சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். ஐந்தரை வருடப் படிப்பு. பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்தவர்கள் தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். ஹோமியோபதிக்கும் ஆயுர்வேதத்துக்கும் அதேபோலத் தனிப் பதிவுகள் உண்டு. ஆக, எந்த மருத்துவம் என்றாலும் எண் உண்டு, கேள்வி ஒன்றுதான். "எங்களுடையது பரம்பரை வைத்தியம், எண் தேவையில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். பதிவுக்கான தகுதி இல்லாமல் பரம்பரை என்பதை மட்டும் சொல்லி வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சித்த மருத்துவம் படித்த, பொறுப்பான ஒருவர் நாடி பார்க்காமல், ரத்தப் பரிசோதனை கேட்காமல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல், ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் எல்லோருக்கும் ஒரே பொடியைக் கொடுக்கமாட்டார். பொடி டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்தது என்ற பட்டியல், தயாரிப்பாளரின் முகவரி இருக்கவேண்டும். உங்கள் டப்பாவில் 14 இலக்கத்தில் ஒரு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால், அது உணவுப் பொருளுக்கான உரிமம். சத்துமாவுக்கும் மிக்சருக்கும் கொடுக்கும் அதே உரிமம். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று குழுவில் காட்டுவது பல சமயம் இதைத்தான். உணவு உரிமத்தில் விற்கும் பொருள் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. மருந்து என்றாலும் சொல்ல முடியாது. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் உட்பட 54 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. 'சர்க்கரையிலிருந்து நிரந்தர விடுதலை' என்று தினமும் காலையில் குழுவில் போடுகிறாரே, அந்த ஒரு வரியே சட்டத்துக்குப் புறம்பானது.

குழு வெளிநாட்டிலிருந்து நடக்கிறது என்றால் அந்தந்த நாட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் என எல்லா இடத்திலும் மருத்துவ கவுன்சில்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஏழு இலக்க எண்ணோடு, இப்போது மருத்துவம் பார்க்க உரிமம் இருக்கிறதா என்பதையும் காட்டுவார்கள். அங்கே பதிவு இருந்தாலும் இங்கே இருக்கும் அம்மாவுக்கு மருந்து எழுதும் உரிமை தானாக வந்துவிடாது.

பதிவேடு தவறவே தவறாது என்றும் நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் ஜோலியா அலெமி என்ற பெண், ஆக்லாந்து பல்கலைக்கழகப் பட்டம் என்று போலிச் சான்றிதழைக் காட்டிப் பதிவு பெற்று, ஏறக்குறைய இருபது ஆண்டு மனநல மருத்துவராக வேலை பார்த்தார். 2023-இல் அவருக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகவே பதிவேட்டில் பெயர் இருப்பது நுழைவுத் தகுதி மட்டுமே. பதிவேட்டில் இருக்கிற நல்ல டாக்டராகவே இருந்தாலும், பார்க்காத நோயாளியின் மாத்திரையை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது. அம்மாவுக்கு இந்த முறை சர்க்கரை ஏறியதோடு தெரிந்துவிட்டது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத்துக்கான பீட்டா பிளாக்கர், ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ரத்தக் கட்டுத் தடுப்பு மாத்திரை ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் ரத்தம் அமிலமாகி மயங்கி விழும். இப்படிப்பட்ட குழுக்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

பெயரே சொல்லாமல், "நானும் டாக்டர்தான், பயப்படாமல் நிறுத்துங்கள்" என்று குழுவில் இடையிடையே பதில் போடுகிறவர்களும் இருப்பார்கள். பெயர் சொல்ல விரும்பாததற்கு அவர்களுக்கு நேர்மையான காரணம் இருக்கலாம். உண்மையிலேயே டாக்டராகவும் இருக்கலாம். ஆனால் பெயர் சொல்லாதவரை, டாக்டர் என்ற சொல்லுக்கு உங்கள் கணக்கில் மதிப்பு பூஜ்ஜியம். சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

குழுவில் தினமும் வரும் 'எனக்கு 320 இருந்தது, இப்போது 140' என்ற ஸ்கிரீன்ஷாட்களைப் பற்றி அம்மாவிடம் ஒன்று சொல்லவேண்டும். எச்.பி.ஏ.1சி. என்ற பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. மாத்திரையை விட்டு மூன்றாவது வாரம் எடுத்தால் அதில் பெரும்பகுதி பழைய மாத்திரை செய்த வேலைதான் தெரியும். அதைப் பொடியின் வெற்றி என்று போடுவார்கள். மேலும், பொடியோடு சேர்த்துச் சோற்றைக் குறை, இனிப்பை விடு, தினமும் நட என்றும் சொல்கிறார்கள். அது எல்லோரும் சொல்லும் நல்ல அறிவுரை, அதனால் சர்க்கரை குறையத்தான் செய்யும். அதை அம்மா தொடரட்டும். அதற்கு 7,200 ரூபாய் பொடி வேண்டாம்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "ஏமாந்துவிட்டாயே" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஓ.பி.யில் இரண்டு மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசக் கிடைக்கும்போது, இரவு பத்து மணிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கும் "என்னம்மா, எப்படி இருக்கீங்க" என்று பதில் போடுகிறவரை யாருக்கும் பிடிக்கும். அந்தக் குறை உண்மையானது, அதை ஒத்துக்கொண்டே பேசுங்கள். அடுத்து, மாத்திரையை விடுவதற்கு அம்மாவுக்கு வேறு காரணம் இருந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம் என்றால், சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று வழி இருக்கிறது. கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் படபடப்பும் வியர்வையும் வந்து பயந்திருக்கலாம். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், "வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்ற பயம். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை, கிட்னியின் வேலையைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். அதைப் பார்க்கத்தான் கிரியாட்டினின் பரிசோதனை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் வருகிறதா என்றும் வருடம் ஒருமுறை பார்க்கவேண்டும். நாளை டாக்டரிடம் போகும்போது இந்த இரண்டையும், எச்.பி.ஏ.1சி.யையும் எழுதித்தரச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் அம்மாவின் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாத்திரைச் செலவுதான் காரணம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

பதிவு எண்ணைத் தேடும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஊர் டாக்டரின் எண்ணை அவருடைய சீட்டிலிருந்து பார்த்து அம்மாவே தேடட்டும். பெயர், கல்லூரி, ஆண்டு என்று வருவதைப் பார்க்கட்டும். பிறகு குழுக்காரரைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்கவேண்டியிருக்காது.

என் பதிலுக்கும் இதே அளவுகோல்தான். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மாத்திரையின் அளவு, எதைத் தொடங்குவது, எதை மாற்றுவது என்பதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

கடைசியாகப் புகார். பதிவு இல்லாமல் ஆங்கில மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். மாவட்டத்தில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், பணம் போனதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். பதிவு பெற்றவராகவே இருந்தால் அவருடைய மாநில கவுன்சிலுக்கு எழுதவேண்டும். ஆனால் குழுவில் சண்டை போட்டுவிட்டு வெளியேறாதீர்கள். டெலிகிராமில் அவர் தன் செய்திகளை உங்கள் போனிலிருந்தும் சேர்த்தே அழிக்க முடியும். முதலில் மாத்திரையை நிறுத்தச் சொன்ன செய்தி, நீங்கள் எண் கேட்டது, அவர் கொடுத்த பதில், சான்றிதழ் படம், குழுவின் பெயரும் பயனர் பெயரும் தெரியும்படி தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாய்ஸ் மெசேஜ்களைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பணப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவையுங்கள். பொடி வந்த கூரியர் கவரில் அனுப்புநர் முகவரி இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சப் பொடியை டப்பாவோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்டால் பரிசோதனைக்குக் கொடுக்கலாம், டாக்டரிடமும் காட்டலாம். இவ்வளவும் முடிந்த பிறகு அம்மாவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், சேர்த்துவிட்ட உறவினருக்கும் ஒரு போன் போடுங்கள்.